பத்துமணி வருத்தம்

எனக்கு முழங்காலிலை வாதம் எண்டது ஊருக்கே தெரியும். நான்தான் சொல்லித் திரியிறனான். எங்கடை வளவிலை இருந்து இரணைமடு வாய்க்கால் கட்டு மட்டும் நடக்கிறதுக்குள்ளை ஏழெட்டுப் பேரைக் காணுவன், அதிலை அஞ்சு பேருக்காவது முழங்காலைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டன். கதைக்க ஆள் கிடைச்சாலே எனக்குச் சந்தோசம். நோவைப் பற்றிக் கதைக்கக் கிடைச்சால் இன்னும் சந்தோசம். என்ரை வயசுக்காரருக்கு வேறை என்ன கதை கிடக்கு.

இப்ப எனக்குக் கதைக்க முந்தியிலும் பாக்கக் கூட விசயம் இருக்கு. வாதம் எண்டு நாங்கள் ஒரு சொல்லிலை சொல்லிவிடுறது ஒண்டில்லையாம், கனக்க வகையாம். அதிலை மூண்டை நான் நல்லாப் படிச்சு வைச்சிருக்கிறன். எழுத்து வாசிக்கத் தெரியாதவள் என்னத்தைப் படிச்சவள் எண்டு கேப்பியள். காதாலை படிச்சனான். எங்கை நிண்டும் பிழையில்லாமல் சொல்லுவன், கிளினிக் வாங்கிலிலை பக்கத்திலை இருக்கிறவைக்குச் சொல்லியும் குடுத்திருக்கிறன். ஆனால் பிந்திப் படிச்சிட்டன். அந்தப் பிந்தினதைத்தான் சொல்ல வாறன். நான் சொல்லுறன், மகளின்ரை மகள் இருந்து எழுதுறாள்.

முதலிலை என்ரை முழங்காலைச் சொல்லி முடிச்சிடுறன், இல்லாட்டி அது இடைக்கிடை வந்து குறுக்கை நிக்கும். குடியேற்றத் திட்டத்திலை காணி குடுக்கினம் எண்டு யாழ்ப்பாணத்தாலை அப்பரோடை சின்னப் பிள்ளையா வந்தனான். காடு வெட்டினது, வரம்பு கட்டினது, களை பிடுங்கினது எல்லாம் இந்தக் காலாலைதான். பிறகு சண்டைக்குள்ளை நடந்த நடை. பிறகு முகாமிலை தண்ணிக்குக் குந்தின குந்தல். திரும்பி வந்து பாத்தால் கிணறு மட்டும்தான் கிடந்தது, பேந்தும் முதலிலை இருந்து துடங்கினது. உழவு மெசினுக்கே பேரிங் தேயுது, எனக்குத் தேயாதோ. என்ரை நோ நேரம் தெரிஞ்ச நோ. விடியப்புறம் எழும்பினால் ஒரு சின்னப் பிடிப்பு, குசினிக்குப் போய் அடுப்பு மூட்டுறதுக்குள்ளை அது விட்டிடும். பகல் முழுக்க ஓடித்திரிஞ்சுபோட்டுப் பின்னேரம் படியிலை ஏறேக்கைதான் கறகறவெண்டு அரைக்கும். இருந்தால் சுகம், நடந்தால் நோ. வேலை செய்யிறவளுக்கு நோ வரும், ஆறினால் போகும். உதை நான் ஒரு சட்டம் மாதிரி மனசுக்குள்ளை வைச்சிருந்தனான். எல்லாரின்ரை நோவையும் அந்தச் சட்டத்தாலைதான் அளந்தனான். மருமகளின்ரையையும்.

மருமகள் நாயாத்துப் பக்கத்துப் பிள்ளை. கடற்கரைக் குடும்பம். சின்ன மகனுக்கு அவளைக் கேட்டு வந்தநேரம் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை, ஒளிப்பானேன். மாட்டின்ரை முன்பக்கம் எது பின்பக்கம் எது எண்டு தெரியாத பிள்ளை வந்து எங்கடை வீட்டிலை என்ன செய்யப்போகுது எண்டு நினைச்சனான். எங்களுக்கு வயல் ஒரு பக்கம் எண்டால் மாடு மற்றப் பக்கம். ஏழு மணிக்கு முதல் சந்தியிலை பால் எடுக்கிற கொட்டிலுக்குப் பால் கானைக் கொண்டு போகவேணும், பிந்தினால் பால் வாகனம் போயிடும். அந்த நேரம் எங்களிட்டை ஒரு சிவத்தப் பசு நிண்டது. பொல்லாதது. எனக்கும் உதைச்சிருக்கு, மகனுக்கும் உதைச்சிருக்கு, என்ரை மனுசன் உயிரோடை இருக்கேக்கை அவரின்ரை சாரத்தையும் கிழிச்சிருக்கு.

அந்தப் பசு மருமகளுக்கு மட்டும் நிண்டு குடுத்தது. தகப்பனோடை இருந்து வலை பொத்தின விரல் அவளுக்கு. மெல்லிசு, ஆனால் இறுக்கம். வந்து ரெண்டு மாசம் ஆகேல்லை, விடியப்புறம் மாட்டுக் கொட்டிலுக்குள்ளை பால் வாளியிலை சீறிச் சீறி விழுற சத்தம் எனக்குப் படுக்கையிலை கேக்கும். எனக்குச் சந்தோசத்திலை வாய் கொள்ளாத புழுகம். பால் கொட்டிலிலை போய், கடற்கரைக்காரி வந்து எங்களுக்குப் பால் கறக்கப் பழக்குறாள் எண்டு நானே சொல்லிச் சிரிச்சனான். நான் அவளைப் புகழவே இல்லை எண்டு நினையாதையுங்கோ. புகழ்ந்த வாய்தான்.

ரெண்டாவது பிள்ளை பிறந்து ஆறேழு மாசம் இருக்கும், அப்பதான் துடங்கினது. விடிய அஞ்சு மணிக்கு எழும்பி வெளியிலை வாறவள், எழும்பாமல் கட்டில் விளிம்பிலை இருப்பாள். ரெண்டு கையையும் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு இருப்பாள். என்ன பிள்ளை எண்டு கேட்டால், விரல் மடங்குதில்லை மாமி எண்டு சொல்லுவாள். வெளியிலை கண்டு கத்தும், பசு கத்தும். நான் போனால் உதைக்கும். அப்பிடி எத்தினையோ நாள் கண்டே முழுப்பாலையும் குடிச்சிட்டுப் படுத்திருந்தது.

நான் ஏழு பிள்ளை பெத்தவள். மூண்டாம் மாசமே வயலுக்கு இறங்கினனான். அதை அவளுக்குச் சொன்னனான், ஒருக்கா இல்லை.

இப்ப நினைச்சுப் பாத்தால் எல்லாம் எனக்குக் கண்ணுக்கு முன்னாலைதான் நடந்திருக்கு. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடியிலை பிடியாமல் ரெண்டு உள்ளங்கையாலையும் தூக்கிக் குடிப்பாள். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் போடாமல், நீயே போடு அம்மா பாப்பம் எண்டு பிள்ளையிட்டை விடுவாள். மோதிரத்தைக் கழட்டேலாமல் சவுக்காரம் போட்டுக் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சிட்டாள். இடியப்ப உரலைக் கண்டால் முகம் சுருங்கும், புட்டு அவிக்கட்டோ மாமி எண்டு கேப்பாள். ஒரு கையிலை எண்டில்லை, ரெண்டு கையிலையும் ஒரே மாதிரி, விரலின்ரை நடுமொளி வீங்கிக் கிடந்தது. உடம்பு காயும். சோறு இறங்காது, மெலிஞ்சிட்டாள். எல்லாத்தையும் கண்டனான். கண்டு, பிள்ளைக்கு வேலையிலை மனம் விட்டுப்போச்சு எண்டு ஒரு கணக்குப் போட்டனான்.

ஏனெண்டால் பத்து மணிக்குப் பிறகு அவள் எழும்பித் திரிவாள். மெல்ல மெல்ல விரல் இளகும். மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தாலை ஏத்திக்கொண்டு வருவாள். பின்னேரம் முத்தம் கூட்டுவாள், கிணத்திலை அள்ளுவாள். எனக்கு அதைப் பாக்கப் பாக்க எரியும். என்ரை சட்டத்தின்படி ஆறினால் போறதுதான் நோ. இவள் இரவு முழுக்கப் படுத்து ஆறிப்போட்டு எழும்பேக்கை நோகுது எண்டுறாள், வேலை செய்யச் செய்யச் சுகம் எண்டுறாள். உலகத்திலை எங்கை நடக்கும் இது. ஒரு நாள் சைக்கிளை விட்டு இறங்கேக்கை வாசலிலை வைச்சுக் கேட்டனான்.

"பிறேக் பிடிக்க மடங்கிற விரல், பசுவின்ரை முலையைப் பிடிக்க மட்டும் மடங்காதோ பிள்ளை?"

அவள் சைக்கிளைச் சாத்திப்போட்டு உள்ளை போயிட்டாள். பதில் இல்லாதபடியால் என்ரை கேள்வி சரி எண்டு நினைச்சனான்.

அதோடை நிண்டிருந்தாலும் பறவாயில்லை. பால் கொட்டிலிலை நிக்கிற பொம்பிளையள் கேட்டினம், என்ன இப்ப உங்கடை கான் பாதியிலை நிக்குது எண்டு. அந்தக் கொட்டில் எங்களுக்குப் பால் குடுக்கிற இடம் மட்டுமில்லை, ஊர்க்கதை முழுக்க அங்கைதான். நான் சொன்னனான், என்ரை மருமகளுக்குப் பத்துமணி வருத்தம் வந்திருக்கு, பத்து மணி அடிச்சால் மருந்தில்லாமல் தானாச் சுகமாகும் எண்டு. பால் அளக்கிற தம்பி கூடச் சிரிச்சவர். எல்லாரும் சிரிக்க எனக்கு ஒரு புழுகம். என்ரை வாய்க்கு ஆக்கள் சிரிச்சால் நான் நிறுத்தமாட்டன், அது என்னிலை உள்ள ஒரு குறை. பிறகு பிறகு அவையே கேக்கத் துடங்கிட்டினம், பத்துமணிக்காரி எழும்பீட்டாளோ எண்டு. கோயிலடியிலை அவள் நிக்கேக்கையும் ஒருத்தி கேட்டவளாம். அவள் எனக்கு அதைச் சொல்லேல்லை. வேறை ஆள் சொல்லித்தான் பிறகு தெரியும்.

சும்மா பேசிக்கொண்டு மட்டும் இருந்தனான் எண்டும் இல்லை, வைத்தியமும் பாத்தனான். எனக்குப் பரியாரியார் முழங்காலுக்குத் தந்த எண்ணெயைச் சூடாக்கி அவளின்ரை விரலிலை போட்டு, ஒவ்வொரு விரலாப் பிடிச்சு இழுத்து நெட்டி முறிப்பன். அவளுக்குக் கண்ணாலை தண்ணி வரும். நோகத்தான் செய்யும், நொந்தால்தான் வாதம் இறங்கும் எண்டு சொல்லி இன்னும் கொஞ்சம் இழுப்பன். பிறகு எனக்குக் கிளினிக்கிலை தாற நோக்குளிசையிலை அவளுக்கும் ஒண்டு குடுப்பன். எங்கடை பக்கத்திலை அது ஒரு பழக்கம். ஆருக்கும் ஏலாது எண்டால் பக்கத்து வீட்டிலை அதே வருத்தத்துக்கு என்ன குளிசை கிடக்கு எண்டு கேட்டு, மிளகாய்த்தூள் மாறுற மாதிரி மாறிக்கொள்ளுவம். அவளும் குடிச்சவள். ரெண்டு மூண்டு நாளைக்கு நோ குறைஞ்சது. பாத்தியே, எனக்கும் உனக்கும் ஒரே வாதம்தான், எனக்குக் கேக்கிற குளிசை உனக்கும் கேக்குது எண்டு சொன்னனான். வெளியிலை நோவை அமத்திப்போட்டு உள்ளுக்குள்ளை மூட்டு அரிபட்டுக்கொண்டு இருந்தது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவள் ஒருக்கா வவுனியா ஆசுபத்திரிக்குப் போய்க் காட்டட்டோ எண்டு கேட்டவள். அப்ப அருவி வெட்டு, வயலிலை நெல்லு அறுக்கிற நேரம். மகன் வெட்டு மெசினோடை போய் மூண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வீட்டை வருவான். வெட்டு முடியட்டும் பிள்ளை எண்டன். வெட்டு முடிய நெல்லுக் காயவிட ஆள் வேணும் எண்டன். பிறகு வருசப்பிறப்பு. பிறகு சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்துவிட்டிட்டாங்கள். ஒவ்வொருக்காவும் காரணம் உண்மையான காரணம்தான், பொய்யில்லை. அதுதான் எனக்கு இப்ப கூடக் கவலை. பொய் சொல்லியிருந்தால் எப்பவாவது பிடிபட்டிருப்பன்.

பிறகு அவள் கேக்கவே இல்லை.

என்ரை முழங்கால் ஒரு நாள் வாய்க்கால் கட்டாலை இறங்கேக்கை மடங்கிப்போச்சு. வீங்கிக்கொண்டு வந்திட்டுது. இஞ்சை ஆசுபத்திரியிலை பாத்துப்போட்டு வவுனியாக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தினம். துண்டு கிடைச்சு ஒரு கிழமை ஆகேல்லை, நான் பஸ்ஸிலை. எனக்கு வெட்டும் இல்லை, விதைப்பும் இல்லை, பாருங்கோ. எனக்குப் பஸ் போர்ட் வாசிக்கத் தெரியாதபடியால் மருமகள்தான் கூட்டிக்கொண்டு போனவள்.

எனக்குப் பயணம் எண்டால் உயிர். யன்னல் பக்கம் இருந்துகொண்டு மாங்குளம் எப்ப வரும், புளியங்குளம் எப்ப வரும் எண்டு கேட்டுக்கொண்டு போனன். அவள் இருக்க இடமில்லாமல் நிண்டுகொண்டு வந்தவள். கம்பியைக் கையாலை பிடியாமல் முழங்கையை மடிச்சுக் கொழுவிக்கொண்டு நிண்டவள். விடியப்புறம் வெளிக்கிட்ட பயணம், அவளுக்குப் பத்து மணி ஆக எவ்வளவோ நேரம் கிடந்தது. நான் அதைப் பாத்தும் பாக்காமல் வெளியிலை மயில் நிக்குதோ எண்டு பாத்துக்கொண்டு போனன்.

கிளினிக்கிலை வாங்கில் நிறைய ஆக்கள். எனக்குப் பக்கத்திலை முல்லைத்தீவுப் பக்கத்திலை கடை வைச்சிருக்கிற ஒரு முஸ்லிம் நானா இருந்தவர். கனகாலம் புத்தளத்திலை இருந்துபோட்டு திரும்பி வந்து கடை திறந்தவராம். ஒரு காலிலை சப்பாத்து, மற்றதிலை சிலிப்பர். பெருவிரல் மட்டும் செக்கச் செவேலெண்டு பழுத்த மிளகாய் மாதிரி. சாரத்தின்ரை நுனி பட்டாலே உயிர் போகுது அம்மா எண்டார். எனக்கு வாதத்திலை ரெண்டாவது வகையைச் சொல்லித்தந்தவர் அவர்தான். இரத்தத்திலை யூரிக் அசிட் எண்டு ஒண்டு கூடிப்போய், உப்புக் கல்லு மாதிரி மூட்டுக்குள்ளை படியுமாம். திடீரெண்டு ஒரே இரவிலை வருமாம், அனேகமாக் கால் பெருவிரலிலைதானாம், கிழமைக்குள்ளை போயிடுமாம், பேந்து சொல்லாமல் வருமாம். மாட்டிறைச்சியும் இறாலும் குறையுங்கோ எண்டு டொக்டர் சொன்னவவாம். முல்லைத்தீவிலை இருந்துகொண்டு இறால் தின்னாதை எண்டால் நான் பேசாமல் புத்தளத்திலையே இருந்திருப்பன் எண்டு சொல்லி, சிரிக்கப் போய் விரல் அசைஞ்சு 'அல்லா' எண்டு பிடிச்சுக்கொண்டார். நானும் சிரிச்சன். மருமகளும் சிரிச்சவள். அவள் சிரிச்சுக் கனநாள்.

டொக்டர் சின்னப் பிள்ளை. என்னை அம்மம்மா எண்டு கூப்பிட்டா. முழங்காலை மடக்கி நிமித்திப் பாத்தா, காதை வைச்சுக் கேக்கிற மாதிரிக் குனிஞ்சு கையை வைச்சு அந்தக் கறகறப்பைப் பாத்தா. இது தேய்வு அம்மம்மா, எலும்புக்கு நடுவிலை இருக்கிற மெத்தை தேஞ்சு போச்சு, பயிற்சி செய்யுங்கோ, குந்தியிராதையுங்கோ, பாரத்தைக் குறையுங்கோ எண்டு சொன்னா. நான் அதைக் கேட்டு நல்லாச் சந்தோசப்பட்டன். வேலை செய்து தேஞ்சது எண்டு ஒரு டொக்டரே சொன்னால் பெருமைதானே. பிறகு எக்ஸ்ரேயைக் காட்டச் சொன்னா. அது மருமகளின்ரை கையிலை ஒரு பொலித்தீன் பைக்குள்ளை முடிச்சுப் போட்டுக் கிடந்தது. அவள் முடிச்சை அவிழ்க்கப் பாத்து, ஏலாமல், குனிஞ்சு பல்லாலை கடிச்சு இழுத்தவள்.

டொக்டர் என்ரை எக்ஸ்ரேயை வாங்கேல்லை. அவளின்ரை கையைப் பாத்துக்கொண்டு நிண்டா. கையைக் காட்டுங்கோ எண்டா. நான் முந்திக்கொண்டன். எனக்கு எப்பவும் வாய்தான் முந்தும்.

"அவளுக்கு ஒண்டுமில்லை டொக்டர். காலமையிலை எழும்பி வேலை செய்யக் கொஞ்சம் பஞ்சி. பத்து மணிக்குப் பிறகு சரியாயிடும்."

பால் கொட்டிலிலை சொல்லுற மாதிரியேதான் சொன்னன், சிரிப்பா எண்டு பாத்துக்கொண்டு. அவ சிரிக்கேல்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு நேரை இருந்தா.

"அம்மம்மா, நீங்கள் பஞ்சி எண்டு சொல்லுறதைத்தான் நாங்கள் இந்த வருத்தத்துக்கு முதல் கேள்வியாக் கேக்கிறனாங்கள்."

பிறகு மருமகளின்ரை கையை எடுத்து, விரல் துடங்குற மொளியளை ரெண்டு பக்கத்தாலையும் சேத்து மெல்ல அமத்தினா. கை குலுக்குற அளவுக்குத்தான். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு கதிரையை விட்டு எழும்பீட்டாள். எவ்வளவு காலமா எண்டு டொக்டர் கேக்க, அவள் என்ரை முகத்தைப் பாத்தவள். பதில் சொல்ல என்னட்டை உத்தரவு கேக்கிற மாதிரி. நான் தலையைக் குனிஞ்சுகொண்டன். சின்னவனுக்கு ஒரு வயசாகிறதுக்கு முதல் துடங்கினது எண்டாள். சின்னவனுக்கு அப்ப மூண்டு வயசு.

மூண்டாவது வகையை அந்த அறைக்குள்ளை வைச்சுத்தான் படிச்சனான். இது தேஞ்சு வாறதில்லை. உப்புப் படிஞ்சு வாறதும் இல்லை. நோய்க்கிருமி வந்தால் அடிக்கிறதுக்கெண்டு உடம்புக்குள்ளை ஒரு காவல் இருக்குதாம், அது ஆளை மாறி சொந்த மூட்டையே அடிக்குமாம். நான் எனக்கு விளங்கின மாதிரிச் சொல்லுறன்: யானை வராமலே யானை வெடியைக் கொளுத்தி எறிஞ்சு, தன்ரை வைக்கல் போரையே பத்தவைக்கிற காவல்காரன் மாதிரி. இது கிழவியளுக்குத்தான் வரும் எண்டில்லை, இளம் ஆக்களுக்கும் வரும். பிள்ளை பெத்த பிறகு துடங்கிறதும் உண்டாம். ரெண்டு கையிலையும் ஒரே மாதிரி வரும். காச்சல் மாதிரி இருக்கும், களைக்கும், மெலியும். எல்லாத்திலும் பாக்க, படுத்து ஆறினால்தான் இறுகும். விடிய ஒரு மணித்தியாலம், ரெண்டு மணித்தியாலம், சிலருக்கு அதுக்கும் கூட. ஆட்ட ஆட்டத்தான் இளகும். நான் என்னத்தைக் கள்ளம் எண்டு பிடிச்சனானோ அதுதான் அந்த வருத்தத்தின்ரை அடையாளம்.

நெட்டி முறிச்சதையும் குளிசை குடுத்ததையும் அவள் சொல்லேல்லை, நானே சொன்னனான். அதுமட்டும் செய்தனான். வீங்கின மூட்டை இழுக்கப்படாது அம்மம்மா எண்டு டொக்டர் சொன்னா. ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இரத்தம் எடுத்தினம், கையைப் படம் பிடிச்சினம். அடுத்த முறை போகேக்கைதான் முடிவு சொன்னவை. வலக்கையிலை ரெண்டு விரலின்ரை மூட்டு அரிபட்டுப் போச்சு, அது இனி நிமிராது. மற்றதுகளை மருந்தாலை காப்பாத்தலாம். முதல் மாசங்களிலையே வந்திருந்தால் எண்டு துடங்கினவ, என்ரை முகத்தைப் பாத்துப்போட்டு அதை முடிக்கேல்லை.

திரும்பி வரேக்கை பஸ்ஸிலை அவளை யன்னல் பக்கம் இருத்தினன். நான் கதையாமல் வந்த பயணம் என்ரை வாழ்க்கையிலை அது ஒண்டுதான் எண்டு நினைக்கிறன்.

இப்ப மருந்து குடிக்கிறாள். அதிலை ஒண்டு கிழமையிலை ஒரு நாள் மட்டும் குடிக்கிறது, வெள்ளிக்கிழமை எண்டு வைச்சிருக்கிறம், மற்ற நாளிலை அதைத் தொடவே கூடாது. மாதத்துக்கு ஒருக்கா இரத்தம் பாக்கவேணும். மருந்து வேலை செய்யக் கனநாள் செண்டது. நாலைஞ்சு மாசத்துக்குப் பிறகுதான் வீக்கம் வத்தினது. சிவத்தப் பசுவை மகன் இப்ப கறக்கிறான். துடக்கத்திலை ரெண்டு வாளி நெளிஞ்சது. அவள் பக்கத்திலை நிண்டு அதின்ரை கழுத்தைத் தடவிக்கொண்டு நிக்கவேணும், அப்பதான் அவனுக்கு நிக்கும். மகன் என்னிலை பிழை பிடிக்கேல்லை. நானும்தானே அம்மா சொன்னதைக் கேட்டனான் எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிஞ்சிருப்பான்.

நான் ஒரு காலமை பொல்லை ஊண்டிக்கொண்டு பால் கொட்டிலுக்குப் போனன். அங்கை விதைச்சதை அங்கைதானே பிடுங்கவேணும். எல்லாரும் நிக்கேக்கை சொன்னன், பத்துமணி வருத்தம் எண்டு நான் சொன்னது பிழை, அது உண்மையான வருத்தம், பேர் இருக்கு, மருந்து இருக்கு, நான் விளங்காமல் பகிடி பண்ணீட்டன் எண்டு. மூண்டு வகையையும் வடிவாச் சொன்னன். உழவு மெசின், உப்புக் கல்லு, யானை வெடி எல்லாம் சொன்னன். நல்லாத்தான் கேட்டுக்கொண்டு நிண்டவை. அப்ப ஒருத்தி, பழைய சிநேகிதிதான், பகிடியாத்தான் கேட்டவள்.

"அப்ப உன்ரை மருமகள் விடியப்புறம் படுக்கிறதுக்கு டொக்டரிட்டையே துண்டு எடுத்திட்டாள் எண்டு சொல்லன்."

எல்லாரும் சிரிச்சவை. இன்னொருத்தி, உந்தக் கிழமைக் குளிசை புற்றுநோய்க்குக் குடுக்கிற குளிசையாமே, கவனம் எண்டாள். இது சின்ன அளவு, டொக்டர் பாத்துத்தான் தாறவ எண்டு நான் சொல்லச் சொல்ல வாகனம் வந்திட்டுது, எல்லாரும் கானைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போயிட்டினம். என்னோடை சேந்து அவை எத்தினை நாள் சிரிச்சவை. நான் ஒரு நாள் வந்து நிறுத்து எண்டால் நிக்குமோ. முந்தி நான் சிரிக்கவைச்ச அளவுக்கு என்னாலை அவையை நம்பவைக்க ஏலாமல் போச்சு.

வீட்டை வந்து அவளுக்கு அதைச் சொன்னன். சொல்லியிருக்கத் தேவையில்லை, ஆனால் மனம் கேக்கேல்லை. அவள் முத்தத்திலை இருந்து இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ளை கையை வைச்சு விரலை ஆட்டிக்கொண்டு இருந்தவள். பக்கத்திலை கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நான் உன்னை அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது பிள்ளை எண்டு சொன்னன். எங்கடை பக்கத்திலை மாமிமார் மருமக்களிட்டை உப்பிடிச் சொல்லுறேல்லை. எனக்கும் சொல்லிப் பழக்கமில்லை, நாக்கு இடறினது. அவள் கையைத் தண்ணியாலை எடுத்து மடியிலை வைச்சாள்.

"நீங்கள் சொன்னதை நானும் நம்பீட்டன் மாமி. எனக்குப் பஞ்சிதான் எண்டு நினைச்சுத்தான் பிறகு நான் ஆசுபத்திரிக்குக் கேக்கேல்லை."

நான் நினைச்சுக்கொண்டு இருந்தது, அவள் எனக்குப் பயந்து கேக்காமல் விட்டவள் எண்டு. அது எண்டால் நான் மட்டும் செய்த பிழை. அவளையே அவளுக்கு எதிராத் திருப்பி விட்டிருக்கிறன் எண்டது எனக்கு அப்பதான் தெரியும். ஒவ்வொரு நாளும் விடியக் கட்டில் விளிம்பிலை இருந்து, மடங்காத விரலைப் பாத்து, எனக்கு ஏன் இப்பிடிப் பஞ்சி பிடிக்குது எண்டு தன்னைத்தானே பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள் அந்தப் பிள்ளை.

இப்ப அவளுக்கு நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. மாரியிலை கொஞ்சம் கூடும். நல்ல நாளிலை ஆறு மணிக்கே விரல் விட்டிடும். கெட்ட நாளிலை ஏழரை, எட்டு ஆகும். அந்த நாளிலை நான் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைச்சு, பிடி பெரிசாப் பாத்து வாங்கின கோப்பையிலை ஊத்தி வைச்சிடுவன். எனக்கு முழங்கால் ஏலாது, ஆனால் காலமையிலை எனக்கு நோ இல்லைத்தானே.

இண்டைக்கும் அப்பிடித்தான். எட்டு மணியாச்சு. குசினி வாசலிலை வந்து நிண்டு, கையைப் பின்னாலை வைச்சுக்கொண்டு, பிந்திப்போச்சு மாமி எண்டாள். பிந்தேல்லை பிள்ளை, இரு எண்டன். ஒவ்வொரு நாளும் சொல்லுறன். இருக்கிறாள், ஆனால் கதிரையின்ரை நுனியிலைதான்.